ஓலை கட்டிய சீந்தில்

அந்த மருத்துவமனை நடைபாதையில் எவ்வளவு நேரம் நின்றேன் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. போனதுமே சொல்லிவிட்டேன் என்றுதான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். முனியாயி அக்கா அப்படிச் சொல்லவில்லை. ஜெயபாண்டியின் உடம்பு வில்லாக வளைந்த பிறகுதான் நான் வாயைத் திறந்தேன் என்கிறார். அவருக்குப் பொய் சொல்லக் காரணம் எதுவும் இல்லை. எனக்கு இருக்கிறது. அதனால் அந்தச் சில நிமிடங்களைப் பற்றி மட்டும் நான் எழுதுவதை அப்படியே நம்ப வேண்டாம்.

மதுரை காளவாசலில் டாக்டர் விஸ்வநாத் நடத்திய ஆயுர்வேத வைத்தியசாலையில் பதினெட்டு வருடம் மருந்து தயாரிக்கும் வேலையில் இருந்தேன். முன்னறையில் அவர் நோயாளிகளைப் பார்ப்பார். பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான அறையில் நானும் அரைக்கும் இயந்திரமும். அதிகம் பேச வேண்டியிராத வேலை. இயந்திரம் ஓடும்போது புத்தகம் படிப்பேன். பேசுவதற்கு ஆள் வந்தால் பக்கத்தில் விரலை வைத்து மூடிக்கொண்டு, எப்போது போவார் என்று காத்திருப்பேன்.

விட்டு விட்டுக் காய்ச்சல் வருகிறவர்களுக்கு டாக்டர் பெரும்பாலும் சீந்தில் கஷாயம்தான் எழுதுவார். சீந்தில் எதையாவது பற்றி ஏறும் கொடி. அடியில் வெட்டிவிட்டாலும் சாகாது. மரத்தில் தொங்கியபடியே நூல்போல வேர்விட்டு மறுபடி மண்ணைத் தேடி இறங்கும். எந்த மரத்தில் ஏறுகிறதோ அந்த மரத்தின் குணம் கொடிக்கு வரும் என்பது எங்கள் தொழிலில் உள்ள நம்பிக்கை. வேப்ப மரத்தில் ஏறிய சீந்தில்தான் குடிப்பதற்கு உயர்ந்தது. மற்ற மரங்களில் ஏறியதை வலிக்குத் தடவும் எண்ணெயில் போடுவோம்.

எங்களுக்குச் சீந்தில் கொண்டுவந்தவர் முனியாயி அக்கா. உசிலம்பட்டிக்கு மேற்கே மலையடிவாரத்து ஓடைக்கரைகளில் வெட்டி, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு மாதம் இருமுறை வருவார். ஐம்பது வயதிருக்கும். அவர் எழுதிக் கொடுப்பதில்லை, சீட்டு ஒட்டுவதில்லை. வேப்ப மரத்துக் கொடியை வேப்பம்பட்டை நாரால் கட்டுவார். மற்றதைப் பனை ஓலைக் கீற்றால் கட்டுவார். நார்க்கட்டு குடிப்பதற்கு, ஓலைக்கட்டு எண்ணெய்க்கு. பதினெட்டு வருடத்தில் ஒருமுறைகூட அது மாறியதில்லை. நான் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், "நீ படிச்ச கொடி வேற தம்பி, நான் பாத்த கொடி வேற" என்பார். நான் பக்கத்தைத் திருப்புவேன்.

அது ஐப்பசி மாதம். பத்து நாளாக மழை. அவர் இறக்கிவிட்டுப் போன ஐந்து கட்டுகளும் ஈரமாக இருந்தன. கட்டோடு வைத்தால் பூஞ்சை பிடிக்கும் என்று எல்லாவற்றையும் அவிழ்த்து ஒரே கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டேன். நார்கள் நான்கையும் ஓலைக் கீற்றையும் ஜன்னல் கம்பியில் செருகினேன். கடைசியில் தொங்குவது ஓலைக்கட்டு என்று மனதில் குறித்துக்கொண்டேன். காய ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து நாளில் எது கடைசி என்பது என் மனதில் இல்லாமல் போயிருந்தது.

புதன்கிழமை எங்கள் பகுதியில் மாதாந்திர மின்தடை. காலை பத்து மணிக்குக் கரண்ட் போனால் மாலை ஐந்துக்குத்தான் வரும். அதற்குள் அரைத்துவிட வேண்டும் என்று செவ்வாய் மாலை கயிற்றில் கிடந்ததை எல்லாம் அள்ளி இயந்திரத்தில் போட்டேன். போடுவதற்கு முன் ஒவ்வொரு துண்டாகக் கையால் பார்த்துப் பிரிக்க வேண்டும். எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் வேலையே அதுதான். அன்று செய்யவில்லை. இயந்திரம் ஓடியது, நான் படித்துக்கொண்டிருந்தேன். எட்டுப் பொட்டலம் தேறியது. கடை மூடும் நேரத்தில் ஒன்றை ஜெயபாண்டி வாங்கிப்போனார். அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருந்தவர். மூன்று வாரமாக விட்டு விட்டுக் காய்ச்சல்.

மறுநாள் காலை ஒன்பதேகாலுக்கு முனியாயி அக்கா வந்தார். அது அவர் வருகிற நாள் இல்லை. ஏதோ கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்க மதுரைக்கு வந்தவர், வழியில் இறங்கியிருந்தார்.

"தம்பி, ஓலைக்கட்டை எண்ணெயில போட்டுட்டியா?"

இன்னும் இல்லை, பின்னால் கிடக்கிறது என்று பழக்கத்தில் சொன்னேன்.

"அதைத் தொட்டா கையைக் கழுவிக்க. இந்தத் தடவை எட்டி மரத்துல ஏறுன கொடி. எட்டிக் குச்சியும் அதுவும் பின்னிக் கிடந்துச்சு. பிரிக்க முடியல. எண்ணெய்க்குத்தானேன்னு குச்சியோட வெட்டிக் கட்டிட்டேன். அன்னிக்கே சொல்லியிருப்பேன், பஸ்ஸு கிளம்பிருச்சு."

நான் ஜன்னலைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். கம்பியில் நான்கு நாரும் ஒரு ஓலைக் கீற்றும். பிறகு அவர் பார்வை வெறும் கயிற்றுக்குப் போனது.

அலமாரியில் இருந்த பொட்டலம் ஒன்றை எடுத்து நானே கிழித்தேன். அவர் உள்ளங்கையில் கொட்டி விரலால் பரப்பினார். சீந்தில் தூள் பழுப்பும் மஞ்சளுமாக நார் நாராக இருக்கும். அதற்குள் சாம்பல் நிறத்தில் கெட்டியான சிறு சில்லுகள் கிடந்தன. ஒன்றை நாக்கு நுனியில் வைத்து உடனே வாசலில் போய்த் துப்பினார்.

"எம்புட்டுப் பேருக்குக் குடுத்த?"

"ஒருத்தருக்கு."

சீந்தில் கசக்கும். எட்டியும் கசக்கும். குடிப்பவருக்கு வித்தியாசம் தெரிய வழியே இல்லை. எட்டியின் கொட்டையைப் போலவே பட்டையிலும் விஷம் உண்டு. நரம்பை முறுக்கிவிடும்.

நோயாளிப் பதிவேட்டில் ஜெயபாண்டியின் எண் இருந்தது. நான்கு முறை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. டாக்டர் திண்டுக்கல்லில் ஒரு முகாமுக்குப் போயிருந்தார். அவரிடம் போனில் பேசிக்கொண்டே தெருவுக்கு ஓடினேன். ஒரு வேளை குடித்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது, போய்ப் பொட்டலத்தை மட்டும் வாங்கி வந்துவிடு என்றார். ஷேர் ஆட்டோ ஒன்றில் ஏறப் போன என்னை அக்கா கையைப் பிடித்து இழுத்தார். அது பத்து இடத்தில் நிற்கும் என்று சொல்லி, காலியாக வந்த ஆட்டோவை மறித்துத் தானும் ஏறிக்கொண்டார். பைபாஸ் ரோடு, பழங்காநத்தம், வில்லாபுரம்.

பட்டறை திறந்திருந்தது. லேத் ஓடிக்கொண்டே இருந்தது, அருகில் ஆள் இல்லை. பக்கத்துப் பட்டறையிலிருந்து அழகுபாண்டி என்பவர் வந்தார்.

"இப்பத்தான்ணே கார்ல ஏத்திட்டுப் போறாங்க. வாய் கட்டிருச்சு. தாடையைத் திறக்க முடியல. கை காலெல்லாம் வெடுக்கு வெடுக்குன்னு இழுக்குது. பத்து நாளைக்கு முன்னாடி தகட்டுல கையைக் கிழிச்சுக்கிட்டான். ஊசி போடுடா மாப்ளன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே."

மருத்துவமனை எது என்று சொல்லிவிட்டு அவர் லேத்தை அணைத்தார். ஸ்டூல் மேல் எவர்சில்வர் டம்ளர் ஒன்று இருந்தது. அடியில் கஷாயத்தின் வண்டல் ஒட்டியிருந்தது. அதைக் கையில் எடுத்தேன். இரண்டடி தள்ளிக் குழாய். ஒரு முறை அலசினால் போதும். அந்த எண்ணம் எனக்கு வந்தது என்பதில் மட்டும் எந்தச் சந்தேகமும் இல்லை. டம்ளரைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

இனிமேல் வருவதில்தான் என் நினைவு தடுமாறுகிறது.

சிறிய மருத்துவமனை. அவசரப் பிரிவின் கதவு பாதி திறந்திருந்தது. வெளியே ஜெயபாண்டியின் மனைவி இசைவாணி அவருடைய செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார். டெட்டனஸ் என்று சொல்லிவிட்டார்கள், அதற்கான ஊசி வேறு இடத்திலிருந்து வர வேண்டும் என்றார். என்னை அவருக்குத் தெரியாது. பட்டறைப் பக்கத்து ஆள் என்று நினைத்திருக்க வேண்டும். உள்ளே ஒரு இளம் பெண் மருத்துவர் செவிலியரிடம், பத்து நாள் பழைய காயம், ஆனால் அரை மணி நேரத்தில் எப்படி இவ்வளவு வேகமாக வந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

டாக்டர் விஸ்வநாத்தின் அழைப்பு வந்தது. மாடிப்படிக்குப் போய் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"அனந்து, நீ வாயத் திறக்காதே. டெட்டனஸ்னு அவாளே சொல்றா. ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான் வைத்தியம் பண்ணுவா. மீறிக் கேட்டா, கொடி கொண்டு வர்ற பொம்மனாட்டி மாத்திக் குடுத்துட்டான்னு சொல்லு. அவ்வளவுதான்."

திரும்பி வந்து சுவரோரம் நின்றேன். பை என் தோளில் தொங்கியது. சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு மூச்சுக்கும் நினைத்தேன். முதல் சொல் எது என்று தேடிக்கொண்டிருந்தேன். வாழ்நாள் முழுக்கப் பேசாமல் இருந்தவனுக்கு முதல் சொல் எளிதில் கிடைப்பதில்லை. முனியாயி அக்கா அருகில் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"நீ சொல்லுறியா, நான் சொல்லவா? நான் போய்ச் சொன்னா, நான் போட்டதுன்னுதான் ஆகும். உனக்கே தெரியும். இருந்தாலும் போயிருவேன் தம்பி. உள்ள கிடக்கறது உசுரு."

என் நினைவில், அவர் அப்படிச் சொன்னதும் நான் உள்ளே போய்விட்டேன். அக்கா சொல்வது வேறு. நான் அசையாமல் நின்றேன். என் பையில் இருந்த போன் மறுபடி அடித்தது. கதவு திறந்திருந்ததால் சத்தம் அறைக்குள் போனது. எட்டி ஏறிய உடம்பு சின்னச் சத்தத்தையும் தாங்காது. ஜெயபாண்டியின் தலையும் குதிகாலும் மட்டும் கட்டிலில் பட, நடு உடம்பு மேலே எழும்பியது. பற்கள் தெரிந்தன. கண்கள் திறந்திருந்தன. அவருக்கு எல்லாம் தெரிந்துகொண்டிருந்தது. அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அப்படியானால் போன் அடித்தபோது நான் வெளியேதான் நின்றிருக்க வேண்டும். அக்கா சொல்வதுதான் சரியாக இருக்கும்.

உள்ளே போனேன். டம்ளரை மருத்துவரிடம் நீட்டினேன்.

"டெட்டனஸ் இல்ல டாக்டர். எட்டி. இவர் குடிச்ச கஷாயத்துல எட்டிக் குச்சி கலந்துருச்சு."

"யார் கலந்தது?"

அவர் குற்றம் கண்டுபிடிக்கக் கேட்கவில்லை. எவ்வளவு, எப்போது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பின்னால் அக்கா நிற்பது தெரிந்தது. அவருடைய பெயரைச் சொன்னால் போதும், எல்லோரும் நம்பிவிடுவார்கள்.

"நான்தான். அவங்க ஓலையால தனியாக் கட்டித்தான் குடுத்தாங்க. நான் பிரிச்சுப் பார்க்காம அரைச்சுட்டேன்."

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. விளக்கை அணைத்தார்கள். ஜன்னல் திரையை இழுத்தார்கள். யாரும் பேசக் கூடாது என்று எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். மூச்சுக்குக் குழாய் போட்டு, தசையைத் தளர்த்தும் மருந்து ஏற்றி, அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். சைரன் போடாமல் போனது அந்த வண்டி.

அது கிளம்புவதற்கு முன் இசைவாணி என்னிடம் வந்தார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"காலையில பட்டறைக்குக் கொண்டுபோய்க் குடுத்தேன். கசக்குதுன்னு பாதியில வச்சுட்டாருங்க. நான்தான் மிச்சத்தையும் மூக்கைப் பிடிச்சுக் குடிங்கன்னேன். மிச்சத்தைக் குடிக்காம இருந்திருந்தா இம்புட்டு ஆயிருக்காதுல்ல?"

உங்கள் மேல் தப்பில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். அக்காதான் அவர் கையிலிருந்த செருப்பை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அவரோடு ஆம்புலன்ஸில் ஏறினார். கல்யாணத்துக்கு வாங்க வந்த பாத்திரத்தை அன்று அவர் வாங்கவில்லை.

அன்று மாலையே கிழித்தது உட்பட மீதி ஏழு பொட்டலங்களையும் ஓலைக் கீற்றையும் நார்களையும் போலீஸில் ஒப்படைத்தேன். முனியாயி அக்காவை இரண்டு முறை ஸ்டேஷனுக்கு அழைத்தார்கள். இரண்டாவது முறை அவருடைய மகள் தமிழ்வாணி கூட வந்தாள். சட்டக் கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட நானும் அங்கே வந்திருந்தேன், என் வாக்குமூலத்தை வாங்கி வரி வரியாகப் படித்தாள். ஒரு இடத்தில் நிறுத்தி, "உடனே சொன்னேன்னு எழுதியிருக்கீங்க. அம்மா அப்படிச் சொல்லல" என்றாள். 'உடனே' என்ற சொல்லை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

ஜெயபாண்டி பதின்மூன்று நாள் தீவிர சிகிச்சையில் இருந்து பிழைத்தார். வலது கையில் நடுக்கம் மட்டும் தங்கிவிட்டது. லேத்தில் இப்போது வேறு ஆள் நிற்கிறார், பக்கத்தில் உட்கார்ந்து ஜெயபாண்டி அளவு சொல்கிறார். இசைவாணி ஒருமுறை காளவாசலில் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். டாக்டர் விஸ்வநாத்தின் மருந்துத் தயாரிப்பு அறைக்குச் சீல் வைத்தார்கள். அவர் கோயம்புத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார், என்னோடு பேசுவதில்லை. தமிழ்வாணி வக்கீலாகப் பதிவு செய்துவிட்டாள். முனியாயி அக்கா கடைகளுக்குக் கொடி வெட்டுவதை விட்டுவிட்டு ஆடு வளர்க்கிறார். என் மேல் உள்ள வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. ஒரு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன்.