ஐந்தில் ஒரு பங்கு

மாநகராட்சி நிதிப் பிரிவில் அவருக்குக் கத்தரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. பட்ஜெட் தயாராகும் மாதத்தில், அடுத்த ஆண்டுக்கு என்னென்ன வேண்டும் என்று ஒவ்வொரு துறையும் எழுதிய பட்டியல் அவர் மேசைக்கு வரும். அவர் எல்லாவற்றிலும் ஐந்தில் ஒரு பங்கை வெட்டுவார். கண்ணை மூடிக்கொண்டு வெட்டுகிறார் என்று அலுவலகத்தில் பேச்சு. பேச்சில் பொய் ஒன்றும் இல்லை.

கத்தரி வெட்டுவார் என்பது எல்லாத் துறைக்கும் தெரியும். அதனால் பூங்காக்காரருக்கு நான்கு புல்வெட்டி இயந்திரம் தேவையென்றால் ஐந்து கேட்பார். தெருவிளக்குப் பொறியாளர் கேட்கும் பல்புகளைப் பார்த்தால் இந்த ஊரில் சூரியனே உதிப்பதில்லையோ என்று தோன்றும். அவர்கள் ஏற்றி எழுத, இவர் இறக்கி எழுத, கடைசியில் அவரவருக்கு வேண்டியது கிடைத்துவிடும். ஏமாற்றியது நாம்தான் என்று இரு தரப்பும் நினைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள்.

இந்த ஆண்டு இந்த ஆட்டத்துக்குள் அவருடைய அக்கா வந்து மாட்டிக்கொண்டாள். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுச்செல்லும் மாநகராட்சிக் குழந்தைகள் காப்பகத்துக்குப் புதிதாகப் பொறுப்பேற்றிருந்தாள். எப்படி எழுதுவது என்று தம்பியைக் கேட்டாள். அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், வாய் நிறையச் சாப்பாட்டோடு தம்பி நீதிமான் ஆனார்.

“எல்லாப் பயலும் புளுகுறான்க்கா. நீயாவது உள்ளதை உள்ளபடி எழுது. ஒரு பட்டியலாவது யோக்கியமா வரட்டும்.”

அக்கா அப்படியே எழுதினாள். பட்டியல் மேசைக்கு வந்தபோது அந்தப் பேச்சு அவருக்கு நினைவிருந்தது. மறந்துவிட்டார் என்று சொல்லி அவரைத் தப்பவிட முடியாது. ஆனால் அக்காவுக்கு மட்டும் வெட்டாமல் விட்டால் ஊர் வாயில் விழவேண்டும். திறந்து பார்த்தாலே நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அதனால் திறக்கவே இல்லை. மேலட்டையில் எழுதியிருந்த மொத்தத் தொகையில் ஐந்தில் ஒன்றைக் கழித்துவிட்டு அடுத்ததை எடுத்தார். அன்று முழுக்க அவருக்குத் தன்மேலேயே ஒரு மரியாதை.

மன்றக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் சீண்டிப் பார்த்தார். “என்ன கத்தரி சார், அக்கா பட்டியலுக்காவது கை நடுங்குச்சா?”

“அக்கான்னா என்னங்க? எல்லாருக்கும் ஒரே அளவுதான்.”

மேசைகளைத் தட்டினார்கள். இப்படி இன்னும் நாலு பேர் இருந்தால் ஊர் உருப்பட்டுவிடும் என்றார் மேயர். பட்ஜெட் நிறைவேறியது. துறைத் தலைவர்கள் உட்கார்ந்திருந்த பின்வரிசையில் அக்காவும் கை தட்டிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் அவருக்கு எங்கோ சுருக்கென்றது.

வெளியே நடைவழியில் அக்கா காத்திருந்தாள், கையில் பட்டியலின் நகலும் பேனாவுமாக. திட்டு விழும் என்று நினைத்து, பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தார்.

“நல்லா சொன்னடா. எனக்குப் பெருமையா இருந்துச்சு,” என்றாள் அக்கா. “தப்பு என்னோடதுதான். புதுசு இல்லையா, எங்கேயோ கூடுதலாப் போட்டுட்டேன். நீ படிச்சுப் பார்த்துத்தானே குறைச்சிருப்பே? எந்த இடம்னு காட்டு, அதை மட்டும் அடிச்சிடறேன்.”

அவருக்குக் காது மடல் சுட்டது. பட்டியலை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். பால், பாய், சோப்பு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், பொடி எழுத்தில், எதற்கு என்று காரணம். பழைய சோப்பு மிச்சம் இருப்பதால் முதல் மாதத்துக்கு வேண்டாம் என்றுகூட எழுதியிருந்தாள். எத்தனையோ பட்டியல் பார்த்த கண்ணுக்கு ஒரு பார்வை போதும், இதில் எங்கும் ஒரு காசு கூடுதல் இல்லை.

நான் பார்க்கலைக்கா என்று சொல்லியிருக்கலாம். அந்த வழியாகப் போன மேயர் அவர் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

“சொல்லுடா. நான் என்ன கோவிச்சுக்கவா போறேன்?”

வெட்கம் பிடுங்கித் தின்றது. எப்படியாவது அங்கிருந்து கழன்றால் போதும் என்றிருந்தது. பட்டியலின் நடுவில் ஏதோ ஓரிடத்தில் விரலை வைத்தார்.

“இங்க.”

அக்கா குனிந்து பார்த்தாள். விரலுக்குக் கீழே சாயங்கால ஆயாவின் சம்பளம் இருந்தது.

“இதுவா? கண்டக்டர் வேலை பார்க்கிற பொண்ணுங்க சில பேர் எட்டு மணிக்குத்தான்டா வந்து பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போவாங்க. அதுவரைக்கும் ஆள் வேணுமேன்னு போட்டேன்.”

விரலை எடுத்திருக்கலாம். அவர் எடுக்கவில்லை.

“சரி. ஊர் மொத்தத்துக்கும் கணக்குப் பார்க்கிறவன், யோசிக்காமலா சொல்லுவே?” அவர் விரலை மெதுவாக நகர்த்திவிட்டு, அந்த வரியைக் கோணாமல் அடித்தாள். “இனிமே ஆறு மணியோட பூட்டிடறேன். ஆயாகிட்டயும் நான் சொல்லிக்கிறேன்.”

பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு இரண்டடி நடந்தவள், திரும்பினாள்.

“அந்தப் பொண்ணுங்ககிட்ட என்ன காரணம் சொல்றதுன்னு மட்டும் நீயே சொல்லிக் குடுடா. எனக்கு இந்த மாதிரி விஷயமெல்லாம் சரியாச் சொல்ல வராது.”