கழிப்பறைக் குழியில் ஒரு பளிங்கு முகம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது கதையாகத் தொடங்கவில்லை. கிரேக்கக் கடற்கரையிலுள்ள எங்கள் ஊரான நாஃப்பிலியோவின் வரலாறு, பார்க்கவேண்டிய இடங்கள் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதித் தர ஒப்புக்கொண்டிருந்தேன். முதல் வரி:

'பலமிதிக் கோட்டைப் படிகள் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது என்பார்கள், எண்ணிப் பார்த்தவர்களோ—'

(விட்டுவிட்டேன். எண்ணிப் பார்த்த இருவரும் இப்போது பேசிக்கொள்வதில்லை.)

'வெனிஸ்காரர் வந்தார், துருக்கியர் வந்தார், மறுபடி வெனிஸ்காரர்—'

இந்த இடத்தில் மண்வெட்டியோடு வந்து நின்றவன் பக்கத்து வீட்டு ஸ்டமாட்டிஸ். அவன் மனைவி கருஃபாலியாவுக்கு முழங்கால் போய்விட்டது. கழிப்பறையோ மாடியில். கீழே ஒன்று கட்டலாம் என்று கொல்லையில் குழி தோண்டியிருக்கிறான். குழிக்குள் பளிங்கில் ஒரு பெண் முகம்.

2

அடிக்குறிப்பு போல ஒன்று: எங்கள் ஊரில் பழஞ்சிற்பம் கிடைத்தால் கட்டட வேலை நின்றுவிடும். அதனால் கடப்பாரை 'டங்' என்றாலே சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்வோம்.

"நீ வரலாறு படிச்சவன்தானே. இது புதுசுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுய்யா" என்றான்.

போய்ப் பார்த்தேன். மூக்குகூட உடையாத பழைய முகம். பொய் சொல்ல வாய் வரவில்லை.

(இவனை நல்லவனாக எழுதுவதா, திருடனாக எழுதுவதா? மண்வெட்டியைக் கீழே வைக்காமலே நின்றான்; தோண்டி முடிக்கும் அவசரம்தான், முகத்தை விற்கும் ஆசை இல்லை. ஆகவே நல்லவன்.)

3

முடிவு அ: ஸ்டமாட்டிஸ் தகவல் கொடுக்கிறான். தொல்லியல் ஆட்கள் வந்து கொல்லையைச் சுற்றிக் கயிறு கட்டுகிறார்கள். முகம் அருங்காட்சியகத்துக்குப் போகிறது, கயிறு போகவில்லை.

முடிவு ஆ: குழியை மூடிவிடுகிறான். பயத்தில் அதன்மேல் தக்காளி நடுகிறான். நன்றாகக் காய்க்கிறது.

மாடியிலிருந்து கைப்பிடியைப் பற்றிப் பக்கவாட்டில் இறங்கி வந்த கருஃபாலியாவிடம் இரண்டையும் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். தக்காளி விஷயம் பிடித்திருப்பதாகச் சொன்னார். பிறகு கேட்டார்:

"ரெண்டுலயும் எனக்குக் கக்கூஸ் இல்லையே, எழுத்தாளரே?"

4

புரட்டிப் பார்த்தேன். இல்லைதான். பளிங்குக்காரியின் மூக்கைக் கவனித்த எனக்கு, பக்கத்து வீட்டுக்காரியின் முழங்கால் முடிவுவரை நினைவிருக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

முடிவு இ: கருஃபாலியா—

இதற்குமேல் வரவில்லை. வாசகரே, நீங்கள் எழுதுங்கள். அந்த முகத்தை எங்கே வேண்டுமானாலும் அனுப்புங்கள், ஆனால் கழிப்பறையைக் கீழே கட்டிவிடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அவர் மறுபடி மாடி ஏறிக்கொண்டிருக்கிறார்.