கட்டி இழுக்காத வண்டி

"மாமா, வெளியே வாங்க. அக்காவை உள்ளே கிடத்திட்டு நீங்க வண்டிக்குள்ள தலையை விட்டுக்கிட்டு இருந்தா, பார்க்கிறவன் என்ன பேசுவான்?"

முன்சக்கரம் கழற்றிய பள்ளத்துக்குள் தோள்வரை நுழைந்திருந்தார் தையற்காரர். ஸ்பானரைக் கால் சுற்றுத் திருகினார். நெற்றியில் ஊறிய வியர்வை மூக்கு நுனிக்கு வந்து, சற்றே தயங்கிப் பின் உதிர்ந்தது. மைத்துனனின் குரல் அவருக்குப் புதிதன்று. கூடப் பிறந்த அக்காளே அவனுக்கு 'ஹார்ன்' என்று பெயரிட்டிருந்தாள். பெயரிட்டவள் விடியலில் போய்விட்டாள். பெயர் மட்டும் கொட்டகை வாசலில் நின்று முழங்கிக்கொண்டிருந்தது.

அவள் வாடகை வண்டி ஓட்டினாள். அவர் முன்னறையில் துணி தைத்தார். தெருவில் சிலர் இதை மாற்றிச் சொல்லிச் சிரித்ததுண்டு. சிரித்தவர்களையும் அவள்தான் அவசரத்துக்கு ஏற்றிக்கொண்டு போனாள். அந்த வீட்டில் கணவன் மனைவிக்குள் இருந்த சண்டை ஒன்றே ஒன்று. வேலை முடிந்து கரிபிடித்த கையோடு வருபவள், அவர் வெட்டி வைத்த துணியைத் தொட்டுப் பார்க்கக் குனிவாள். "தொடாதே!" என்று அவர் அலறுவார். "ஐயோ, டெய்லர் வீட்டு மகாலட்சுமிக்குத் தீட்டுப் பட்டுடுச்சு" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சிரிப்பாள்.

இப்போது அவர் கண்ணெதிரே இருந்தது அவள் விட்டுப்போன வேலை. எஞ்சினின் பக்கவாட்டில், கிராங்க் தண்டின் முனையில், சாப்பாட்டுத் தட்டளவு இருந்தது புல்லி என்னும் இரும்புச் சக்கரம். அதை எடுத்தால்தான் பின்னாலிருக்கும் பெல்ட்டை மாற்ற முடியும். பழைய பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் எஞ்சினே பாழ். நடுவிலிருந்த பெரிய போல்ட்டை அவளே கழற்றிவிட்டாள். புல்லிதான் துருவேறித் தண்டோடு ஓருடலாய் ஒட்டிக்கொண்டது. அதோடு போராடிக்கொண்டிருந்த நாளில்தான் நோய் அவளைப் படுக்கையில் தள்ளியது.

படுக்கையிலிருந்தும் அவள் வண்டியை விடவில்லை.

"விளிம்பைப் பிடிச்சு இழுத்துடாதீங்க டெய்லரே. விளிம்புக்கும் நடுவுக்கும் இடையில ரப்பர் இருக்கு. பிய்ஞ்சிடும்."

"காலர் மாதிரியா, டிரைவரம்மா?"

"காலரேதான். காலரைப் பிடிச்சு இழுத்தா சட்டை கிழியுமில்ல? நடுவுல ரெண்டு ஓட்டை இருக்கு. இழுத்துக் கழட்டுற கருவி, அதான் புல்லர், அதோட போல்ட்டை அதுல மாட்டுங்க. புல்லரோட நடுத்திருகைக் கால் சுத்து. ஒரு சொட்டு எண்ணெய். அப்புறம் கையை எடுத்துடுங்க."

"கையை எடுத்துட்டா எப்படி வரும்?"

"அதுக்கும் யோசிக்க நேரம் வேணாமா? சுத்தியலைத் தொட்டீங்கன்னா அவ்வளவுதான், தண்டு கெட்டுடும்." மூச்சு வாங்க நிறுத்தியவள் சீலிங்கைப் பார்த்தபடி சொன்னாள்: "ஒண்ணு மட்டும் கேட்டுக்குங்க. என் வண்டியை எவனும் கட்டி இழுத்துட்டுப் போகக் கூடாது. ஒரு நாளும் அது அடுத்தவன் சங்கிலியில போனதில்லை."

அதற்குப் பிறகு அவள் வண்டியைப் பற்றிப் பேசவில்லை. எதைப் பற்றியும் அதிகம் பேசவில்லை.

சங்கிலி இப்போது வாசலில் வந்து நின்றிருந்தது. இழுவை வண்டியின் ஓட்டுநர் சாவு வீடென்று அறியாமல் வந்தவர். தெரிந்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

"யாரு வரச் சொன்னது?" என்றார் தையற்காரர், பள்ளத்துக்குள்ளிருந்தே.

"நான்தான். அவளைக் கொன்னதே இந்த இரும்புதான் மாமா. ராத்திரி பகல்னு பார்க்காம இதைக் கட்டிக்கிட்டு அழுதா. கொட்டகை என்னோடது. இன்னிக்கே இது பழைய இரும்புக்குப் போகுது." ஹார்னின் குரல் இடையில் உடைந்தது; உடைந்தது வெளியே தெரியக் கூடாதென்று இன்னும் உரக்கப் பேசினான். "சரி, கழட்டுறீங்க. அப்புறம் யாரு ஓட்டுவா? உங்களுக்கு ரிவர்ஸ் எது, பிரேக் எதுன்னு தெரியுமா?"

தையற்காரர் வெளியே வந்தார். இத்தனை காலமும் பக்கத்து இருக்கையில் அமர்ந்து ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தவர் அவர்.

"கத்துக்குவேன்."

"இந்த வயசுலயா?"

"ஊசியில நூல் கோக்கத் தெரியுது. கொட்டகைக் கதவுல வண்டியைக் கோக்கத் தெரியாதா?"

சுவரோரம் நின்ற ஓட்டுநருக்குச் சிரிப்பு வந்தது, தொப்பியால் மறைத்துக்கொண்டார். ஹார்னுக்கு அது பொறுக்கவில்லை. பலகையிலிருந்த சுத்தியலை எடுத்தான்.

"நகருங்க. நாலு போடு போட்டா வருது."

தையற்காரர் பள்ளத்தின் முன்னால் போய் நின்றார். மெலிந்த மனிதர். அளவு நாடா இன்னும் கழுத்தில் தொங்கியது. விடிந்ததும் சவப்பெட்டிக்கு மூடுதுணி தைத்தபோது போட்டுக்கொண்டது, கழற்ற மறந்துவிட்டார்.

"என்னைப் போட்டுட்டு அப்புறம் அதைப் போடு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். உள்ளறையில் அழுகை எழுந்து அடங்கியது. முடிவில் ஹார்ன்தான் சுத்தியலைக் கீழே வைத்தான்.

"சரி மாமா. பெட்டியைத் தூக்குறதுக்குள்ள இது உங்க கைக்கு வந்துடுச்சுன்னா நான் வாயே திறக்க மாட்டேன். கொட்டகையில எவ்வளவு நாள் வேணா நிக்கட்டும். வரலேன்னா, சங்கிலி மாட்டிடுவேன்."

"மாட்டு."

அதன்பின் அவர் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார். கால் சுற்று, ஒரு சொட்டு எண்ணெய், கையை எடுத்துக்கொள்வது. புல்லரின் நடுத்திருகு முறுக்கேறி முனகியது. புல்லி மயிரிழையும் அசையவில்லை.

தைக்கும்போதெல்லாம் இறைவன் புகழை முணுமுணுக்கும் உதடுகள் அவருடையவை. தையல் எந்திரத்தின் மிதிதான் அதற்குத் தாளம். அன்று துதி வரவில்லை, வழக்குத்தான் வந்தது. 'கேளாமல் எடுத்தாய். வலியவன், எடுத்துக்கொண்டாய். நான் மெலிந்தவன், அழக்கூட நேரமில்லாமல் அவளுக்குத் துணி தைத்தேன். அதோடு கணக்குத் தீர்ந்ததென்று நினைத்துவிடாதே. அவள் சொல்லிவிட்டுப் போன ஒரு சொல் என் கையில் இருக்கிறது. அதையும் பறிக்க வேண்டுமானால் இறங்கி வா. இந்த இரும்பை அந்தப் பக்கம் நீ பிடி. இந்தப் பக்கம் நான் இழுக்கிறேன்.'

இன்னொரு கால் சுற்று. ஸ்பானர் வழுக்கி விரல் முட்டியில் தோல் உரிந்தது.

தையற்காரரின் அக்காள் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். "டேய், உனக்குக் கொஞ்சமாவது வெட்கம் இருக்கா? தூக்க ஆளுங்க வந்தாச்சு. புருஷன் எங்கன்னு கேக்குறாங்க. வண்டிக்கு அடியில இருக்கான்னு சொல்லட்டுமா?"

"சொல்லுக்கா. அவளும் அங்கதான் பாதி நாள் இருந்தா."

அக்காள் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். பிறகு தணிந்த குரலில், "வாடா தம்பி. நேரமாச்சு" என்றாள்.

அவர் கடைசியாக ஒரு கால் சுற்றுத் திருகினார். திருகு அதற்குமேல் இடங்கொடுக்கவில்லை. எண்ணெய்க் குப்பியைக் கவிழ்த்தார். ஒரு சொட்டு மின்னி, துருவின் விளிம்பில் இறங்கி மறைந்தது. ஸ்பானரைக் கீழே வைத்தார். கையை எடுத்துக்கொண்டார். முற்றத்தைத் தாண்டும்போது ஹார்ன் ஓட்டுநரை நோக்கித் தலையசைப்பதும், ஓட்டுநர் தயங்கித் தயங்கிச் சங்கிலியைப் பிரிப்பதும் தெரிந்தன. திரும்பிப் பார்க்கவில்லை.

கூடத்தில் பெட்டி மூடியிருந்தது. மேலே அவர் தைத்த வெள்ளைத் துணி, மடிப்பு ஒன்றும் கலையாமல் நான்கு புறமும் ஒரே அளவில் தொங்கியது. தலைமாட்டில் அவருக்கு இடம் விட்டிருந்தார்கள். எதிர்ப்புறம் ஹார்ன் வந்து நின்றான். குனிந்து பிடித்தார்கள். யாரோ, "மெதுவா, மெதுவா" என்றார்கள். பெட்டி தரையை விட்டு எழுந்தது.

அப்போது கொட்டகையில் 'டங்' என்று ஒரு சத்தம். வெடியென எழுந்து, அதன் பின்னாலேயே கனமான ஏதோ சிமெண்டுத் தரையில் உருண்டு, வட்டமிட்டு, மெல்ல மெல்லச் சாய்ந்து, அடங்கிற்று.

கூடத்தில் ஒருவரும் அசையவில்லை. தூக்கிய பெட்டி தூக்கியபடியே நின்றது. ஹார்ன் அவரைப் பார்த்தான். வாய் அசைந்தது, சொன்ன சொல்லைக் காப்பாற்றுபவன் போல மூடிக்கொண்டது. கண்கள்தான் நிரம்பின. வெளியே சங்கிலி, கண்ணி கண்ணியாக, மறுபடி இழுவை வண்டியின் தட்டில் ஏறும் ஒலி கேட்டது.

"போகலாம்" என்றார் தையற்காரர்.

வாசற்படியில் பெட்டியைத் தாழ்த்திக் கைமாற்ற வேண்டியிருந்தது. அந்த இடத்தில்தான் அக்காள் கண்டாள். வெள்ளைத் துணியின் ஓரத்தில், அவர் பிடித்திருந்த இடத்தில், ஐந்து விரலும் கறுப்பாய்ப் பதிந்திருந்தன.

"டேய், கை... துணியெல்லாம் கரி. இரு, தண்ணி கொண்டாரேன். உள்ள வேற துணி இருக்கு, மாத்திடலாம்."

அவர் தம் கையைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். பிறகு மற்றொரு கையையும் அந்தச் சுவட்டின் அருகே, நன்றாக அழுத்தி, வைத்துக்கொண்டார்.