படிக்கட்டுக்கு ஒன்பது அடி

ஆர்.எஸ்.புரத்தில் ரசாக்கின் லேஸ், பட்டன் கடை பன்னிரண்டு வருஷமாக ஒரே இடத்தில் இருந்தது. ஃபால்ஸ், ஹூக், நாடா என்று எதைக் கேட்டு வந்தாலும் அங்கே கிடைக்கும். அளவு மட்டும் ஒரு நூல் குறையாது. அதில் ரசாக்குக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. 1996 சித்திரையில் அந்தக் கடைக்கு ஒரு படிக்கட்டால் ஆபத்து வந்தது.

கட்டடம் சூலூர் அங்கப்பனுடையது. கீழே நாலு கடை. காலியாகக் கிடந்த மாடியைப் பட்டுச்சேலைக் கடை ஒன்று கேட்டது. பட்டு எடுக்க வருகிறவர்கள் பின்சந்து இரும்புப் படியில் ஏறுவார்களா? கட்டடத்தையே புதுப்பித்து, முன்பக்கம் அகலமாகப் படி வைத்துவிடலாம் என்று திட்டம் போட்டார் அங்கப்பனின் மருமகன் கிருபாசங்கர். என்ஜினியர், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. புது மாப்பிள்ளையிடம் "வேண்டாமுங்க" என்று சொல்லும் மாமனார் சூலூர்ப் பக்கம் இன்னும் பிறக்கவில்லை.

"ஒன்பது அடி அகலமிருக்கிற கடையில படி வந்துருமுங்க மாமா. எதுலயும் பத்தலைன்னா வண்டி நிறுத்தற பக்கம் வெச்சுக்கலாம்" என்றார் கிருபாசங்கர்.

அளந்ததில் மூன்று கடைகள் எட்டரை அடியைத் தாண்டவில்லை. மிச்சம் ரசாக்கின் கடை.

"ஏனுங் பாய், டேப்போட அந்த முனைய நீங்களே புடிங்க" என்றார் அங்கப்பன்.

ரசாக் டேப் முனையை முறைத்தார். கடையை எடுப்பதுமல்லாமல் அளக்கவும் ஆள் நான்தானா? ஆனாலும் முனையை வாங்கிக்கொண்டு பட்டன் ராக்குக்குப் பின்னால் நுழைந்தார். நடுவில் அட்டைப்பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. எதிர்ச்சுவரில் நின்ற கிருபாசங்கருக்கு இந்த முனை தெரியாது.

அங்கப்பன் கூடவே வந்து காதருகில் குனிந்தார். "சுவத்துல ஒட்டித்தான் புடிக்கோணும்னு இல்லீங்க பாய். பொட்டியெல்லாம் நகத்தற சிரமம் எதுக்குங்க?"

"அளவுன்னா அளவுதானுங்ணா" என்று ரசாக் மூன்று பெட்டிகளை நகர்த்திவிட்டு முனையைச் சுவரில் அழுத்தினார். அங்கப்பன் அவர் காலை மிதித்தார்.

"பாத்துங்ணா, கால் இருக்குது."

"தெரிஞ்சுதானுங்க மிதிச்சேன்" என்று அங்கப்பன் பல்லைக் கடித்தார்.

"ஒன்பது அடி ரெண்டு இஞ்ச்!" எதிர்ச்சுவரிலிருந்து சத்தம் வந்தது.

அங்கப்பன் தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்தபிறகுதான் ரசாக்குக்கு உறைத்தது. இந்த மனிதர் கடையை எடுக்க வரவில்லை. மாப்பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாததை டேப்பை வைத்துச் சொல்ல வந்திருக்கிறார். டேப்பைப் பிடிப்பதற்கு ஊரிலேயே மோசமான ஆளாகப் பார்த்துப் பிடித்திருக்கிறார்.

"மாப்ளைங்க, மறுக்கா ஒருக்கா பாத்துருலாமுங்க. பாய்க்குக் கை நடுங்குது" என்று சொல்லிவிட்டு அங்கப்பன் முனையைப் பிடுங்கினார். சுவருக்கு ஓர் அடி இப்பாலேயே, காற்றில் பிடித்தார். "ம், பாருங்க!"

"எட்டு அடி ரெண்டு இஞ்ச்."

 பெட்டிகளுக்கு மேலாகக் கிருபாசங்கரின் தலை எட்டிப்பார்த்தது. "நடுவுல ஒரு அடி எங்க போச்சுங்க மாமா?"

"வெயில் காலமுங்க மாப்ளே. டேப்பு என்ன பண்ணும், பாவம்."

கிருபாசங்கர் ரசாக்கைப் பார்த்தார். "பாய், லேஸ் அளக்கறவங்க நீங்க. ரெண்டுல எது சரியிங்க?"

ரசாக் மனசுக்குள் கணக்குப் போட்டார். எட்டு என்றால் பொய். ஒன்பது என்றால் பன்னிரண்டு வருஷக் கடை போய்விடும். பக்கத்தில் அங்கப்பனின் கால் மறுபடி உயர்ந்தது.

"கட்டுனவங்களே இங்க நிக்கறாங்க. வாடகைக்கு இருக்கறவன் நான் என்னத்தைங்க சொல்றது?" என்றார் ரசாக்.

கிருபாசங்கர் மாமனாரை ஒரு பார்வை, ரசாக்கை ஒரு பார்வை பார்த்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு துடித்தது.

"அப்ப படி வண்டி நிறுத்தற பக்கம்தானுங்க மாமா."

"உங்க இஷ்டமுங்க மாப்ளே. நான் என்னத்தைக் கண்டேன்" என்றார் அங்கப்பன், பெரிய பாரத்தை இறக்கிவைத்தவர் போல. ரசாக் அப்போதுதான் மூச்சே விட்டார்.

கிருபாசங்கர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே வாசலுக்கு நடந்தார். "எல்லாக் கடைக்கும் சுவத்துக்குச் சுவர் புது ஷட்டர் போடறமுங்க. பாய் கடைக்கு எட்டு அடி ரெண்டு இஞ்ச்சுன்னு இன்னைக்கே சொல்லிப்போடறேன்."

ஷட்டரை இழுத்துப் பூட்டியபிறகும் ஓரத்தில் ஓர் ஆள் பக்கவாட்டில் நுழைகிற சந்து, இருவர் மனக்கண்ணிலும் ஒரே நேரத்தில் தெரிந்தது.

"மாப்ளைங்க!" என்று அங்கப்பன் பின்னாலேயே ஓடினார். "ஷட்டருக்கு மட்டும் தனியா ஒருக்கா அளந்துக்கலாமுங்களா?"

"அளக்கலாமுங்க மாமா, ஷட்டருக்கு மட்டும்." கிருபாசங்கர் திரும்பி வந்து முனையை ரசாக்கின் கையில் கொடுத்தார். "சுவத்துல நல்லா ஒட்டிப் புடிங்க பாய். மாமா, நீங்க ஒரு காபி குடிச்சுட்டு வாங்க."