சொல்லாமல் விட்ட பாதி

…பிடிக்கலையா என்று கேட்டால் பிடிக்காததைத்தானே சொல்ல முடியும், பிடித்தது என்ன என்று அங்கே யாரும் கேட்கவில்லையே, என்று ஆறு மாதமாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்ததைக் காளீஸ்வரி இன்றும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள், ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததுமே, ஆனால் முன்பு போல அது அவளைத் தாங்கிப் பிடிக்கவில்லை. சனிக்கிழமை, கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லியாயிற்று, வீட்டில் மதினியிடம் மட்டும் சொல்லியாயிற்று, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார்வளாகம் போய்ச் சேர அரை மணி நேரம்தான், அதற்குள் மூன்று வாக்கியத்தை ஒழுங்காக மனப்பாடம் செய்துவிட வேண்டும். நான் உங்களைக் கேலி செய்யவில்லை, அது முதல் வாக்கியம். இரண்டாவது… முன் சீட்டில் ஒரு அம்மா கடலை உடைத்துத் தின்றுகொண்டிருந்தாள், ஒவ்வொரு கடலையும் காதுக்குள் வந்து உடைந்தது, பையிலிருந்து பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் வைத்துக்கொண்டாள், பஞ்சுக்கு அவளிடம் பஞ்சமே கிடையாது, வேலை பார்ப்பதே பேண்டேஜ் துணிக் கம்பெனியின் லேபில், ஒரு அங்குலத்துக்கு எத்தனை இழை ஓடுகிறது என்று லென்ஸ் வைத்து எண்ணுவது, துணி தண்ணீரில் எத்தனை விநாடியில் மூழ்குகிறது என்று பார்ப்பது, எண்ணிக்கை பொய் சொல்லாது, யாரையும் கேலியும் செய்யாது.

விக்னேஷ்வரன் அங்கே தறி மெக்கானிக்காக இருந்தான். முதல் நாள் மத்தியானம் அவனாகத்தான் வந்து உட்கார்ந்தான், பாய்லர் அறைக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் மேடையில், அவள் தனியாக டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தபோது, இங்க உக்காரலாமான்னு கேட்டான், இடம் இருந்தது, உக்காரலாம் என்றாள். அப்புறம் எட்டு மாதம். ஒன்று பத்துக்கு வருவான், ஒன்று நாற்பதுக்கு மணி அடிக்கும். தறியைப் பற்றிப் பேசுவான், எந்த ஊடை நூல் ஏன் அறுந்தது, எந்தச் சக்கரம் எப்போது மக்கர் பண்ணும் என்று, அவளுக்கு அது பிடித்திருந்தது, அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்கலாம், அவனும் என்னப் பாத்துப் பேசுன்னு ஒருநாளும் சொன்னதில்லை. ஒருநாள் மல்லிகைப்பூ வாங்கி வந்தான். அந்த வாசனை தலைவலிக்கும் என்றாள். அடுத்த நாளிலிருந்து பூவுக்குப் பதிலாகத் துணித் துண்டு கொண்டு வந்தான், தறியில் தப்பாக நெய்து வந்த துண்டுகள், ஒன்றில் இழை திடீரென்று வளைந்து ஆறு மாதிரி ஓடும், ஒன்றில் நடுவே சிலந்தி வலை போலச் சிக்கி நிற்கும், பார் இது எம்புட்டு அழகா தப்பு பண்ணிருக்குன்னு சொல்லுவான். இருபத்திரண்டு துண்டு. அவற்றை அவள் என்ன செய்தாள்? மாதிரித் துணி என்றுதான் நினைத்தாள், ஒவ்வொன்றிலும் தேதி எழுதி, லேப் ரிஜிஸ்டரில் பதிந்து, மூன்று மாதம் ஆனதும் விதிப்படி கழிவில் போட்டாள். கழிவுக் கூடையில் கிடந்ததை அவன் பார்த்தான், பார்த்துவிட்டுச் சிரித்தான், அடுத்த நாளும் ஒன்று கொண்டு வந்தான்… அதை நினைத்தால்தான் இப்போது தாங்க முடியவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட ஏதோ இருக்கிறது என்று புரிந்திருக்குமோ?

அவன் சொல்லாமலும் இல்லை. சொன்னான். நம்ம இப்படியே இருந்துட்டா நல்லாருக்கும்ல, என்றான் ஒருநாள். இப்படியே இருக்க முடியாது, ஒண்ணு நாப்பதுக்கு மணி அடிச்சிரும் என்றாள் அவள். அவன் ரொம்ப நேரம் சிரித்தான், அவளும் சிரித்தாள், எதற்கு என்று தெரியாமல், ஆனால் அவன் சிரித்தால் சிரிப்பு வந்தது. ஒரு அம்மாவ உங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வரட்டா என்று கேட்டான் பிறகு. எந்தம்மா, என்றாள். எங்கம்மா, என்றான். வரட்டுமே என்றாள். வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள்தானே, வந்தால் காபி கொடுப்பார்கள், அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது… அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவன் வீடு வரை என்ன என்ன நினைத்துக்கொண்டு போயிருப்பான், அம்மாவிடம் எப்படிச் சொல்லியிருப்பான், அவள் சரின்னுட்டா என்றா? பஸ்ஸில் இடது பக்கம் மலை கூடவே வந்துகொண்டிருந்தது, உச்சியில் மேகம், கண்டக்டர் ஏதோ கேட்டார், பஞ்சை எடுத்துவிட்டு, மடவார்வளாகம் ஒண்ணு என்றாள்.

அவர்கள் வீட்டுக்கு வந்தது ஆவணி மாதத்து ஞாயிறு ஒன்றில். விக்னேஷ்வரன், அவன் அம்மா வெள்ளத்தாய், மாமா ஒருவர், அத்தை ஒருத்தி, பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு, தாம்பாளத்தில் பழம், தேங்காய், பூ. அந்தப் பூவில் மல்லிகை இல்லை, எல்லாம் கனகாம்பரம், அதைக்கூட அவள் அன்று கவனிக்கவில்லை, நாலு மாதம் கழித்து ஒருநாள் குளித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அப்பா வேலுசாமி மில்லில் ரிட்டயர் ஆனவர், சத்தம் போட்டுப் பேசியே பழக்கம், ஏ தாயி, உனக்குச் சம்மதம்தானே, என்று அத்தனை பேர் நடுவில் கேட்டார். எதுக்கு, என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், வெட்கம் என்று நினைத்திருப்பார்கள். கல்யாணத்துக்குத்தான்ட்டி என்றார் அப்பா. அவர் எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலையே, நாங்க சேந்து சாப்பிடுவோம், அம்புட்டுத்தான், என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது. வெள்ளத்தாய் மட்டும் கிட்டே வந்து, மெதுவாக, அவனப் பிடிக்கலையா தாயி, என்று கேட்டாள். உண்மையாக யோசித்தாள் காளீஸ்வரி, யாராவது கேள்வி கேட்டால் உண்மையாகத்தான் யோசிப்பாள், அவனிடம் பிடிக்காதது என்ன, ஒவ்வொன்றாகத் தேடினாள், ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது, அதைச் சொன்னாள். அவர் சோறு திங்கும்போது வாயில சத்தம் வரும், என்னால அதத் தாங்க முடியாது.

பக்கத்து வீட்டுக்காரர் யாரோ பக்கென்று சிரித்துவிட்டார். பிறகு இன்னொருவர். அப்பாகூட உதட்டைக் கடித்துக்கொண்டார். விக்னேஷ்வரன் முறுக்கு ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தான், பாதி கடித்தது, அதைத் தட்டில் வைத்தான், ரொம்ப மெதுவாக, சத்தம் வராமல் வைத்தான். வாங்கம்மா போவோம் என்றான். திங்கட்கிழமை கம்பெனிக்கு வரவில்லை, செவ்வாய்க்கிழமை வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். ஒன்று பத்துக்கு அவள் மேடையில் போய் உட்கார்ந்தாள், ஒன்று நாற்பது வரை டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை, ஏன் திறக்கவில்லை என்று அவளுக்கே தெரியவில்லை, பசித்தது, ஆனால் கை போகவில்லை. அப்படி ஒன்பது நாள்.

மதினி பாண்டிசெல்விதான் மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனது. மதினி டீச்சர், ஏதோ பயிற்சியில் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து, ஒரு வாரம் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு டாக்டரிடம் அழைத்துப் போனாள். மூன்று தடவை போனார்கள். ஆட்டிசம் என்றார் டாக்டர், பிறவியிலிருந்தே இருப்பது, நோய் இல்லை, உங்களுக்குச் சத்தம் அதிகமாகக் கேட்கும், மற்றவர்கள் சொல்லாமல் சொல்வது கேட்காது என்றார். திரும்பி வரும்போது மதினி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உம்மேல ஒரு தப்பும் இல்ல காளி, உனக்குத் தெரியாமத்தான நடந்துச்சு, என்று அழுதாள். அவள் அழவில்லை. இருபத்தொன்பது வயதில் ஒரு பெயர் கிடைத்தது, சரி, பள்ளிக்கூடத்தில் ஏன் யாரும் பக்கத்தில் உட்காரவில்லை என்பதெல்லாம் அந்தப் பெயருக்குள் அழகாகப் போய் அடங்கியது, ஆனால் அந்த முறுக்கு அடங்கவில்லை. எனக்குப் பெயர் கிடைத்ததால் அவனுக்கு வலி குறையுமா? தெரியாமல் மிதித்தாலும் மிதிபட்ட காலுக்கு ஒரே வலிதானே…

வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை, மடவார்வளாகம் கோயிலுக்குப் பின்தெருவில் மூன்றாவது வீடு என்று அவன் எப்போதோ சொன்னது அப்படியே இருந்தது. கதவு திறந்திருந்தது. வெள்ளத்தாய் தளவாய்புரத்திலிருந்து தைக்க வரும் நைட்டிகளுக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்த்தாள், ஊசி அப்படியே நின்றது.

"காளீஸ்வரி. ராஜபாளையம்."

"தெரியுது. மறக்குற மூஞ்சியா? உள்ள வா. அவன் இல்ல, தறி நின்னு போச்சுன்னு கூப்பிட்டாக, செத்த நேரத்துல வந்துருவான்."

"மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"எங்கிட்டயா, அவங்கிட்டயா?"

அதை அவள் யோசிக்கவில்லை. "ரெண்டு பேருகிட்டயும்."

"எனக்கு என்ன தாயி…" வெள்ளத்தாய் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லலாம், அதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா அதுக்குப் பொறவு அவன் யாரு கூடயும் உக்காந்து சோறு திங்க மாட்டேங்கான். எங்கூடயும்தான். தட்ட எடுத்துட்டு அடுப்பங்கரைக்குப் போயி, சுவத்தப் பாத்து உக்காந்துக்கிடுதான். கான்சாபுரத்துல எங்க அண்ணன் மகன் கல்யாணம், பந்தியில உக்காரவே இல்ல. கேட்டா பசிக்கலங்கான். பெத்தவளுக்குத் தெரியாதா பசி?"

காளீஸ்வரி இரண்டு உள்ளங்கையையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து… அவன் தின்னும் சத்தம் அவனுக்கே கேட்கத் தொடங்கிவிட்டது, அவளுக்குக் கேட்ட மாதிரியே, அதை அவள்தான் அவன் காதில் வைத்துவிட்டு வந்திருக்கிறாள், அவளுக்காவது பஞ்சு இருக்கிறது, தன் வாய்ச் சத்தத்தை ஒருவன் எதைக் கொண்டு அடைப்பான்? மூன்று வாக்கியம் போதாது. மூன்று வாக்கியமும் தப்பு. கேலி செய்யவில்லை என்பதைக் கேட்டு அவன் என்ன செய்யப் போகிறான், கேலியாக இருந்திருந்தால்கூட மறந்திருப்பான், அது உண்மை என்று அவனுக்குத் தெரியும், அவள் பொய் சொல்ல மாட்டாள் என்று இந்த உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவன் அவன்தான், அதனால்தான் அது இப்படி உள்ளே இறங்கியிருக்கிறது. அப்படியானால் அவள் சொன்ன உண்மை முழுசா? எட்டு மாதம்… அந்தச் சத்தத்தோடு எட்டு மாதம்…

வாசலில் டிவிஎஸ் வந்து நின்றது. கையெல்லாம் கிரீஸோடு உள்ளே வந்தவன் அவளைப் பார்த்து நிலைப்படியிலேயே நின்றான். இளைத்திருந்தான். வெள்ளத்தாய் நைட்டிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"எப்ப வந்த?"

"மூணு இருபதுக்கு."

அவன் உதடு அசைந்தது, சிரிப்பா இல்லையா என்று தெரியவில்லை. பழந்துணி ஒன்றை எடுத்துக் கையைத் துடைக்கத் தொடங்கினான். அவள் தரையைப் பார்த்துப் பேசினாள், நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று ஒரே மூச்சில்.

"லேபுல எட்டுப் பேரு இருக்காங்க, அவங்க சாப்பிட உக்காந்தா நான் எந்திரிச்சுப் போயிருவேன். எங்க வீட்டுலயும் நான் தனியாத்தான் சாப்பிடுவேன், எங்கப்பா சத்தத்தையே என்னால தாங்க முடியாது. உங்க பக்கத்துல மட்டும்தான் உக்காந்திருந்தேன். சத்தம் வந்துச்சு. காதுல பஞ்சு வைக்கல, வச்சா நீங்க பேசுறது கேக்காது. ஒருநாளும் எந்திரிச்சுப் போகல. அன்னைக்குப் பாதிதான் சொன்னேன். இதையும் சேத்துச் சொல்லிருக்கணும்."

அவன் துடைப்பதை நிறுத்தவில்லை, துடைத்த விரலையே திரும்பத் துடைத்தான். "அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல."

"அன்னைக்கு எனக்கே தெரியாது."

"இப்பத் தெரியுமா?"

தெரியும், அதான சொன்னேன், என்ற பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பிடித்து நிறுத்தினாள். இந்தக் கேள்விக்குள் வேறு ஒரு கேள்வி இருக்குமோ, இப்படியே இருந்துட்டா நல்லாருக்கும்ல என்று அவன் அன்று கேட்டதற்குள் இருந்த மாதிரி? நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள், கண், புருவம், தாடை, எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன, சேர்த்துப் படிக்க வரவில்லை.

"நீங்க கோவத்துல கேக்கியளா, இல்ல வேற ஏதாச்சும் கேக்கியளா? எனக்கு முகத்தப் பாத்துக் கண்டுபிடிக்க வராது. டாக்டர் அதுக்கு ஆட்டிசம்னு பேரு சொன்னாரு. அதச் சாக்கா சொல்லல, நீங்க வாயால சொன்னாத்தான் எனக்குப் புரியும், அதுக்குத்தான் சொல்றேன்."

அவன் பழந்துணியைக் கீழே வைத்தான். உள்ளே வெள்ளத்தாய் பாத்திரம் உருட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

"நான் என்ன கேக்கேன்னு எனக்கும் தெரியலயே, காளீஸ்வரி," என்றான்.

முதலில் ஒரு நிம்மதிதான் வந்தது, அவளுக்கு அப்படி ஒரு நிம்மதி இதுவரை வந்ததே இல்லை, எல்லோருக்கும் எல்லாம் தெரியும், தனக்கு மட்டும்தான் தெரியாது என்றல்லவா இத்தனை வருஷமும் இருந்தாள், கேட்கிறவனுக்கே தான் கேட்பது தெரியாமல் இருக்கலாமா, அப்படியும் ஒரு இடம் உண்டா, அங்கே இரண்டு பேர் நிற்கலாமா… என்று போய்க்கொண்டிருந்த நினைப்பு சட்டென்று நின்றது. இவன் அப்படி இல்லையே. ஆவணி மாதம் வரை இவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, என்ன வேண்டும், யார் வேண்டும் என்று சந்தேகமே இல்லாமல் தெரிந்துதான் அம்மாவைப் புதுச் சேலை உடுத்தச் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தான். இப்போது தெரியவில்லை என்கிறான். அப்படியென்றால் அவன் தெரியாமல் நிற்கிற இந்த இடத்துக்கு அவனைக் கொண்டுவந்து விட்டது யார்?