பந்து கடலில் இருக்கும்வரை

அக்கா, பார்சல் அனுப்ப நீ கேட்ட முகவரி ஒரு வியாழக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிவரை இருந்தது. அப்போது எங்களுக்கு எதிராக ஏழாவது கோல் விழுந்தது. அதோடு அந்த வீதி போய்விட்டது.

இங்கே அப்படித்தான். இந்தச் சென் பர்னபே தீவில் மொத்தம் பதினொரு வீதிகள். உலகக் கிண்ண உதைபந்தாட்டத் தகுதிகாண் போட்டியின் முதற்சுற்றில் ஒரு கோல் வாங்கினால் ஒரு வீதி கழியும். இடியாது, எரியாது. இரண்டு பக்கத்து வீதிகளும் கிட்ட வந்து ஒட்டிக்கொள்ளும். ஆட்கள் தலையணையோடு நடுவில் நிற்பார்கள்.

அந்தச் சுற்றின் இரண்டு ஆட்டங்களையும் சேர்த்துத் தோற்றால் மிச்சத் தீவையும் மடித்து வைத்துவிடுவார்கள். அடுத்த போட்டி நாலு வருடம் கழித்து. அதுவரை இந்த நாடு தேவைப்படாது என்று விதியில் இருக்கிறது.

இதை நான் கையால் எழுதவில்லை. ஆட்டம் இன்னும் முடியவில்லை. ஆட்டத்தில் நான் கையைப் பாவித்தால் பிழை. கோல்கீப்பர் மட்டும் பாவிக்கலாம். அதனால் எங்கள் கோல்கீப்பர் எவரார்ட் அண்ணைதான் போனை என் வாயருகே பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் சொல்லச் சொல்ல அது எழுதுகிறது. அம்மாவின் முழங்கால் எப்படி என்று அவர் கேட்கச் சொன்னார். ஆட்டம் இல்லாத நேரத்தில் அவர் பேக்கரியில் பாண் போடுகிறவர்.

இங்கே எல்லோரும் எங்கள் ஊர்த் தமிழ்தான் பேசுகிறார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவார்களோ என்று பயம்.

கனடாவுக்குப் போகிற வழியில் என்னை இங்கே இறக்கினார்கள் என்பது உனக்குத் தெரியும். வந்த மூன்றாம் நாள் குடிவரவுக் கந்தோருக்குப் போனேன். வரிசையில் நான் ஒருவன்தான். ஆனாலும் நாலு மணித்தியாலம் நின்றேன். உள்ளே மிஸ் இமெல்டா இருந்தார். அவர் குடிவரவு அதிகாரி. தேசிய அணியின் பயிற்சியாளரும் அவர்தான். கழுத்தில் விசிலும் முத்திரையும் ஒரே கயிற்றில் தொங்கின.

"உம்மை என்னத்துக்கு நாங்கள் வைச்சிருக்கிறது?" என்றார்.

"நான் ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்க மாட்டன், மிஸ்."

"அந்த வேலைக்கு ஆள் நிரம்பிட்டுது. இப்ப லெஃப்ட் பாக் மட்டும்தான் காலி."

லெஃப்ட் பாக் என்றால் கோலுக்கு முன்னால் இடது பக்கத்தில் நின்று மறிக்கிறவன். எனக்கு வலது கால்தான் பழக்கம் என்று சொன்னேன். அதை ஆறாவது பெட்டியில் எழுதச் சொன்னார்.

படிவத்தில் பதினாலு பெட்டிகள். பதினாலாவது பெட்டி, 'உமது ஊர் மைதானத்தின் வழக்கம் யாது?' என்று கேட்டது. எந்தப் பெட்டியையும் வெறுமையாக விடாதே என்று நீதானே சொல்லி அனுப்பினாய். உள்ளதை எழுதினேன். எங்கள் மைதானத்துக்குக் கடற்பக்கம் வேலி இல்லை. பந்து கடலுக்குள் போனால் நேரம் ஓடாது. நீந்திப் போய் எடுக்கக்கூடாது. வேறு பந்து கொண்டுவரக்கூடாது. அலை திருப்பிக் கொண்டுவந்து தரும்வரை எல்லோரும் நிற்க வேண்டும்.

மிஸ் இமெல்டா வாசிக்காமலே முத்திரை குத்தினார். இந்தத் தீவில் முத்திரை விழுந்ததெல்லாம் சட்டம். போன வருடம் கந்தோருக்குள் வந்த ஒரு ஆட்டின்மேல் தவறுதலாக முத்திரை பட்டுவிட்டது. அது இப்போது நீதவானாக இருக்கிறது. அதன் தீர்ப்புகள் சுருக்கமானவை என்று நல்ல பெயர்.

எனக்கு ஒரு அட்டை தந்தார்கள். வதிவிட அனுமதி, செல்லுபடி: ஆட்டம் முடியும்வரை.

முதல் ஆட்டம் எதிரணியின் நாட்டில் நடந்தது. மத்திய அமெரிக்காவில் அது ஒரு சின்ன நாடு. ஆனால் மலை வைத்திருக்கிறார்கள். மைதானம் சரிவாக இருந்தது. முதற்பாதியில் நாங்கள் மேட்டை நோக்கி ஆடினோம். பக்கம் மாறினோம். மறுபாதியிலும் மேட்டை நோக்கித்தான் ஆடினோம். ஒன்பது கோல்.

கப்பலில் திரும்பி வந்தபோது தீவில் துறைமுக வீதியும் ஆசுபத்திரி வீதியும்தான் மிச்சம். தீவு எங்களுடைய கப்பலைவிடச் சின்னதாகத் தெரிந்தது. கப்பல் தலைவர் எதைக் கட்டுவது, எதில் கட்டுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தார். துறைமுக வீதியில்தான் எவரார்ட் அண்ணையின் பேக்கரி. நாற்பது பேர் அங்கே மாப்பிசையும் மேசைகளில் படுத்தோம். காலையில் யார் ஆள், யார் மா என்று அவர் தட்டிப் பார்த்துத்தான் அடுப்பை மூட்டினார்.

இரண்டாவது ஆட்டம் இங்கே, கடற்கரை மைதானத்தில். எங்களுக்குப் பத்துக் கோல் வேண்டும். மிஸ் இமெல்டா எங்களை வரிசையில் நிறுத்தினார். ஆட்டத் திட்டம் எதுவும் சொல்லவில்லை.

"பயம் வந்தா பயப்படுங்கோ," என்றார். "ஆனா நிண்ட இடத்தில நிண்டு பயப்படுங்கோ."

எனக்கு அது சரியாக வந்தது. எழுபது நிமிடம் அப்படியே நின்றேன்.

எங்கள் முன்வரிசை ஆட்கள் ஓட ஓட எதிரணியின் கோல் கம்பங்கள் பின்னுக்குப் போயின. இரண்டு பேர் பஸ் பிடித்துத் துரத்திப் போனார்கள். அவர்கள் இன்னும் வரவில்லை. எழுபத்தோராவது நிமிடம், இரண்டு ஆட்டமும் சேர்த்து, எங்களுக்கு எதிராகப் பத்தாவது கோல் விழுந்தது. ஆசுபத்திரி வீதி போனது. நோயாளிகள் சுகமாகி நடந்து வந்தார்கள். அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

மிச்சம் ஒரு வீதி. அதன் நுனியில் மைதானம். ஊர் முழுவதும் அந்த வீதியில் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல் நின்றது.

தொண்ணூறாவது நிமிடம் எதிரணியின் ஒன்பதாம் இலக்க ஆட்டக்காரர் பந்தோடு என் பக்கம் வந்தார். உயரமானவர், மரியாதையானவர். என் முன்னால் பந்தை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றுவதுபோல் தலையைத் தொட்டார்.

"தம்பி, கொஞ்சம் விலகுமன்."

அக்கா, உனக்குத் தெரியும், விலகச் சொன்னால் நான் விலகிவிடுகிறவன். கொழும்பில் விலகினேன். விமான நிலையத்தில் ஒரு மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் விலகினேன். ஒருத்தரும் சொல்லாமலே சுவரோடு ஒட்டி நின்ற நாட்களும் உண்டு. இப்போதும் என் வலது தோள் தானாகவே திரும்பத் தொடங்கியது.

திரும்பிப் பார்த்தேன். எவரார்ட் அண்ணை கையில் மாவோடு நின்றார். அவருக்குப் பின்னால் கோல். அதற்குப் பின்னால் வீதி. அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

"விலகேலாது," என்றேன்.

ஒன்பதாம் இலக்கக்காரர் காது கேட்காதவர்போலக் குனிந்தார். "ஏன்?"

"நான் இஞ்சதான் இருக்கிறன்."

அவர் அதை யோசித்துக்கொண்டிருந்தபோது பந்து எங்கள் இருவருக்கும் நடுவில் சும்மா கிடந்தது. வலது காலால் உதைத்தேன். எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. அது எல்லோருடைய தலைக்கும் மேலால் போய்க் கடலில் விழுந்தது.

மத்தியஸ்தர் வேறு பந்து கேட்டார். மிஸ் இமெல்டா என் படிவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் நடந்து வந்தார். அன்றைக்குத்தான் அவர் அதை முதன்முதலாக வாசித்திருக்க வேண்டும். பதினாலாவது பெட்டியில் விரலை வைத்துக் காட்டினார். மத்தியஸ்தர் மூன்றுதரம் வாசித்தார். முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு மணிக்கூட்டை நிறுத்தினார்.

எதிரணி மனுக் கொடுத்தது. நீதவானைக் கூட்டி வந்தார்கள். அது மனுவை மணந்து பார்த்துவிட்டுத் தின்றது. இங்கே அதற்குத் தள்ளுபடி என்று பொருள்.

"பந்து எப்ப வரும்?" என்று மத்தியஸ்தர் கேட்டார்.

"கடலிட்டைக் கேளுங்கோ," என்றார் மிஸ் இமெல்டா. "அதுக்கு நான் அதிகாரி இல்லை."

இன்றைக்குப் பத்தொன்பதாம் நாள். இன்னும் தொண்ணூறாவது நிமிடம்.

எதிரணியின் விசா முடிந்துவிட்டது. மிஸ் இமெல்டா அவர்களைப் படிவம் நிரப்ப வைத்திருக்கிறார். எல்லா இடமும் நிரம்பிவிட்டது என்று பதில் போயிருக்கிறது. அவர்கள் நடுவட்டத்துக்குள் ஒரு தேநீர்க் கடை போட்டிருக்கிறார்கள். ஒன்பதாம் இலக்கக்காரர் பேக்கரியில் எனக்குப் பக்கத்து மேசையில் படுக்கிறார். நித்திரையிலும் என்னை விலகச் சொல்கிறார். நான் நித்திரையிலும் மாட்டேன் என்கிறேனாம். எவரார்ட் அண்ணை சொன்னார்.

பந்து இதுவரை இரண்டுதரம் வந்தது. வந்ததும் மணிக்கூடு ஓடும். இரண்டுதரமும் நான் தண்ணீர் ஓரத்தில் நின்று திரும்பக் கடலுக்குள்ளேயே உதைத்துவிட்டேன். முதல்தரம் நாலு செக்கன் போனது. இரண்டாம்தரம் மூன்று. இப்போது இருபத்தொரு செக்கன் மிச்சம். பகல் முழுவதும் எவரார்ட் அண்ணை பழைய பாணை உருட்டிப் போட, நான் உதைத்துப் பழகுகிறேன். அடுத்ததை இரண்டு செக்கனுக்குள் செய்யலாம் என்று நினைக்கிறேன். ஆறாவது பெட்டியைத் திருத்தித் தரும்படியும் மிஸ் இமெல்டாவிடம் கேட்டிருக்கிறேன்.

அம்மாவிடம் சொல், சாப்பிட்டேன். பயமா என்று கேட்டால், ஓம் என்று சொல். நின்ற இடத்தில் நின்றுதான் என்றும் சொல்.

மிளகாய்த்தூளை இந்த முகவரிக்கு அனுப்பு. லெஃப்ட் பாக், கடற்கரை மைதானம், துறைமுக வீதி, சென் பர்னபே. இனி முகவரி மாறாது.

அலை எழும்புகிறது. அதில் வெள்ளையாக ஒன்று தெரிகிறது. மத்தியஸ்தர் மணிக்கூட்டில் பெருவிரலை வைத்துவிட்டார். ஒன்பதாம் இலக்கக்காரர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, விலகுமன் தம்பி என்றபடி ஓடி வருகிறார்.

எவரார்ட் அண்ணை, போனை எடுங்கோ, நீங்கள் கோலுக்குப் போங்கோ.

அக்கா, இந்தமுறை இடது காலால்.