பியாலா மூடிய பொத்தான்

சனோபரைக் கார்ஷி நகரத்துக்கு ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பியபோது நீரேற்று நிலையத் தலைவர் நோர்பூத்தா சுற்றி வளைக்கவில்லை.

"தேறின தாளோட வந்தா நாலாம் நம்பர் பம்ப் உன்னுது. இல்லாம வந்தா அளவுகோல் கொட்டாய்தான். அப்புறம் வந்து என்கிட்ட கண்ணைக் கசக்காதே, தங்கச்சி."

அளவுகோல் கொட்டாய் கால்வாய்க் கரையில், நாற்பது கிலோமீட்டர் தள்ளி, புல்வெளிக்கு நடுவே நிற்கும் ஒரு தகரக் குடிசை. ஒரு நாளைக்கு மூன்று தடவை தண்ணீரின் உயரத்தைப் பார்த்து போனில் சொல்ல வேண்டும். அதோடு வேலை முடிந்தது. பேச்சுத் துணைக்கு இருந்த ஒரே நாயும் முந்தின காவலாளியோடு போய்விட்டது. இருபத்திரண்டு வருடம் நீரேற்று நிலையத்தில் பம்பின் இரைச்சலையே கேட்டு வாழ்ந்தவளை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தால் பைத்தியம் பிடிக்காதா? மே மாதம் புதுத் தானியங்கிப் பெட்டிகள் வந்து இறங்கும். தாள் இல்லாதவர்கள் அவற்றைத் தொடக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு.

கூடவே வந்தவர் ஹம்தம். பதினோரு வருடமாக ஒரே ஷிப்டில் அவளோடு இருப்பவர். அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிறார், ஆகையால் தாள் கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி. வாய் மட்டும் ஓயாது.

பயிற்சிக்கூடத்தில் பத்து மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் பி.எல்.சி. என்னும் ஒரு தானியங்கிப் பெட்டி, ஒரு லேப்டாப், மிதவை போட்ட ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அரைக் குதிரைச் சக்தி மோட்டாரில் ஓடும் ஒரு சின்ன ரப்பர் பட்டை, அதன் பக்கத்தில் அவசரத்தில் அமுக்கி நிறுத்த, காளான் மாதிரி தலை விரித்த ஒரு சிவப்புப் பொத்தான். பெட்டிக்குள் என்ன நடக்க வேண்டும் என்பதை லேப்டாப்பில் எழுதி, வயர்களையும் தாமே மாட்டி, பட்டையையும் தொட்டியையும் ஓட வைக்க வேண்டும். ஐந்தாம் நாள் தேர்வு.

பயிற்சியாளர் இஸ்ஸத் தாஷ்கண்டிலிருந்து வந்தவன். முப்பத்தைந்து வயதிருக்கும். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் ஸ்க்ரூடிரைவர். முதல் நாளே இரண்டு விஷயம் சொன்னான். ஒன்று, மேசைப் பக்கம் வரும்போது சப்பானைக் கழற்றி வைக்க வேண்டும். நீளக் கை வைத்த பஞ்சு அங்கியைப் பிப்ரவரிக் குளிரில் யார் கழற்றுவார்கள்? கூடத்தைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் பேருக்குத்தான் சூடாக இருந்தது. எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். இரண்டாவது, சிவப்புப் பொத்தானின் வயர் பெட்டிக்குள் போகக்கூடாது. மோட்டாருக்கு மின்சாரம் விடும் காண்டாக்டருக்கு நேராகப் போக வேண்டும்.

"உங்க நிலையத்துல சிவப்புப் பொத்தானைக் கடைசியா எப்ப அமுக்கிப் பாத்தீங்க?" என்று அவன் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தான். ஒருவர் போன மாதம் என்றார். ஒருவர் போன வருடம் என்றார்.

"பதினாலு வருஷமாச்சு," என்றாள் சனோபர், தலை நிமிர்ந்து.

"அக்கா, இதுல பெருமைப்பட என்ன இருக்கு?"

கூடம் சிரித்தது. சனோபருக்கு முகம் சிவந்துவிட்டது. இவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவனுக்குத் தெரியாததுதான். பதினாலு வருடத்துக்கு முன், ஒரு ஜூலை மாதத்தில், அலமாரியிலிருந்து ரொட்டி எடுக்கத் திரும்பிய சனோபரின் முழங்கை நாலாம் நம்பர் பம்பின் சிவப்புப் பொத்தானில் பட்டது. பம்ப் நின்றது. அவ்வளவு பெரிய மோட்டார் ஆறி, மேலிடத்து அனுமதி வாங்கி, மறுபடி ஓட நாலு மணி நேரம் ஆனது. கடைமடை வயல்களில் பருத்தி தலை தொங்கியது. அந்த ஊர்க்காரர்கள் கடைவீதியில் அவளைப் பார்த்து "அதோ போறா பாரு பொத்தான்காரி!" என்றார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மறுநாளே அவள் ஒரு பியாலாவை, அதுதான் தேநீர் குடிக்கும் அந்தக் கைப்பிடியில்லாத கிண்ணத்தை, பொத்தான் மேல் கவிழ்த்து, சுற்றிலும் ஜிப்சம் குழைத்துப் பூசிவிட்டாள். நல்ல யோசனை என்று நோர்பூத்தாவே தட்டிக் கொடுத்தார். மற்ற மூன்று பம்புகளுக்கும் பியாலா ஏறியது.

முதல் இரண்டு நாள் லேப்டாப் அவளைப் படாத பாடு படுத்தியது. ஆனால் இஸ்ஸத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. எல்லோரும் தேநீர் குடிக்கப் போகும் நேரத்தில் ஒவ்வொரு மேசையிலும் ஒரு வயரைப் பிடுங்கி வைத்துவிடுவான். திரும்பி வந்து எங்கே பழுது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதில் சனோபரை அடிக்க ஆளில்லை. காண்டாக்டர் இழுக்கும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள்.

மூன்றாம் நாள் தொட்டிப் பாடம். தண்ணீர் குறைந்தால் மிதவை இறங்கும், மோட்டார் நிற்க வேண்டும். எல்லோரும் எழுதினார்கள். இஸ்ஸத் வந்து தொட்டியை லேசாக ஆட்டினான். தண்ணீர் தளும்ப, மிதவை குதிக்க, ஒன்பது மேசைகளிலும் மோட்டார் நின்று நின்று ஓடியது. சனோபரின் மோட்டார் மட்டும் அசையாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"இது எப்படிக்கா?"

"டீ ஊத்தறப்ப என்ன பண்றோம்? முதல்ல ஊத்தினதை மறுபடி கெண்டிக்குள்ள கொட்டறோம். மூணு தடவை. அப்புறம்தான் குடிக்கறோம். அதே மாதிரி மிதவை கீழ இறங்கினா நான் உடனே நம்பறதில்ல. மூணு செகண்ட் பொறுத்துப் பாக்கறேன். அப்பவும் கீழேயே இருந்தா நிறுத்தறேன்."

இஸ்ஸத் உண்மையாகவே அசந்துபோனான். "இதைச் சொல்லித்தர எனக்கு வழக்கமா ஒரு நாள் ஆகும்," என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

ஹம்தம் விடுவாரா? "பாருங்கப்பா, எங்க ஷிப்டு! நான் கூட இருந்து கெடுக்கப் பாத்தேன், முடியல."

புகழ்ச்சி சனோபரின் தலைக்கு ஏறியது என்று சொன்னால் அவள் கோபித்துக்கொள்வாள். ஆனாலும் ஏறத்தான் செய்தது. நாலாம் நாள் காலை பட்டைப் பாடம் வந்தபோது, அவள் சிவப்புப் பொத்தானின் வயரைப் பெட்டிக்குள் கொண்டுபோனாள். அதற்கும் மூன்று செகண்ட் எழுதினாள். தெரியாமல் முழங்கை பட்டால் பட்டை நிற்கக்கூடாது. மூன்று செகண்ட் விடாமல் அமுக்கினால்தான் நிஜமாகவே நிறுத்தச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். அதுவும் போதாதென்று தேநீர்த் தட்டிலிருந்து ஒரு பியாலாவை எடுத்துவந்து பொத்தான் மேல் கவிழ்த்தாள். இதை ஒரு பயமும் இல்லாமல், நல்ல காரியம் செய்கிற நிம்மதியோடு செய்தாள்.

இஸ்ஸத் கடைசி மேசையில் யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தான். சனோபர் பட்டையை ஓடவிட்டாள். ஹம்தம் குனிந்து, "அடேயப்பா, நல்லாத்தான் ஓடுது. இது மேல ரெண்டு சம்சா வச்சா என் மேசைக்கே வந்துருமே," என்று பட்டை மேல் கையை நீட்டினார்.

சப்பானின் நீளக் கை உருளைக்கும் பட்டைக்கும் நடுவே போய்விட்டது.

"ஏய்! ஏய், நிறுத்து! சனோபர்!"

அவள் பியாலாவைத் தட்டிவிட்டாள். அது தரையில் விழுந்து சிதறியது. உள்ளங்கையால் பொத்தானை அமுக்கினாள்.

பட்டை நிற்கவில்லை.

நிற்காது என்று அவளுக்குத் தெரியும். அவள்தானே எழுதினாள். ஒன்று. பஞ்சு அங்கியின் கை உருளையில் சுற்றிக்கொண்டே போனது. இரண்டு. ஹம்தமின் மணிக்கட்டு உருளையைத் தொட்டது. அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. சனோபரின் முழு உடம்பும் அந்தப் பொத்தான் மேல் கிடந்தது. இதைவிட வேகமாக அமுக்க வழியில்லை. மூன்று.

நின்றது. இஸ்ஸத் ஓடிவந்து மின்சாரப் பிளக்கைப் பிடுங்கினான். கத்தரிக்கோல் கொண்டுவந்து அங்கியை வெட்டினார்கள். ஹம்தமின் மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

"போவுது விடு," என்றார் ஹம்தம். "என் பொண்டாட்டிக்கு மட்டும் நீதான் பதில் சொல்லணும். இந்தச் சப்பான் அவ தைச்சது."

யாரும் சிரிக்கவில்லை. சனோபர் உடைந்த பியாலாத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே அழுதாள். இஸ்ஸத் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள், அவன் திட்டவில்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அவனும் பொறுக்கினான்.

"மிதவைக்கு நீங்க எழுதினது ரொம்பச் சரி அக்கா. தண்ணி மூணு செகண்ட் பொறுக்கும்."

"தெரியுது தம்பி."

"நாளைக்குத் தேர்வு."

"அதுவும் தெரியுது."

அன்று மாலைவரை அவள் ஒரே ஒரு வயரைத்தான் மாற்றினாள். சிவப்புப் பொத்தானிலிருந்து பெட்டியைத் தொடாமல் நேராகக் காண்டாக்டருக்கு. மாட்டி, அமுக்கி, கழற்றி, மறுபடி மாட்டி, மறுபடி அமுக்கினாள். மறுநாள் தேர்வில் இஸ்ஸத் எதிர்பாராத நேரத்தில் பொத்தானைத் தட்டினான். பட்டை டக்கென்று நின்றது. அவன் தாளில் கையெழுத்துப் போட்டான். தாள் கையில் வந்தபோது வர வேண்டிய சந்தோஷம் அவளுக்கு வரவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது ஒரே நினைப்புதான். நிலையத்தில் நாலு பியாலாக்கள்.

மார்ச் கடைசியில் கால்வாய்க்கு முதல் தண்ணீர் விடும் நாள் வந்தது. கரையில் ஆடு அறுத்து, பெரிய கொப்பரையில் சோறு வெந்துகொண்டிருந்தது. கடைமடைக்காரர்கள் மண்வெட்டியோடு காத்திருந்தார்கள். நாலாம் நம்பர் பம்ப் ஓட ஆரம்பித்து கால் மணி ஆகியிருந்தது. சனோபர் கத்தியை எடுத்து ஜிப்சத்தைச் சுரண்டத் தொடங்கினாள்.

"என்ன பண்றே?" என்று நோர்பூத்தா ஓடிவந்தார்.

"பியாலாவை எடுக்கறேன் அண்ணே. எடுத்துட்டு ஒரு தடவை அமுக்கிப் பாக்கணும்."

"உனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா? வெளிய எத்தனை சனம் நிக்குது! நின்னுபோச்சுன்னா நாலு மணி நேரம்!"

"தெரியும்ணே. அந்த நாலு மணி நேரத்தை என்னைவிட யார் நல்லாத் தெரிஞ்சு வச்சிருக்காங்க?"

"நேத்தே கேட்டிருந்தா ஆகாதா?"

"நேத்துக் கேட்டேன். முந்தாநாளும் கேட்டேன். அப்புறம் பாக்கலாம்னீங்க."

நோர்பூத்தா குரலைத் தாழ்த்தினார். "இதோ பாரு தங்கச்சி. தாள் வச்சிருக்கேங்கறதுக்காக ஆடாதே. நீ அமுக்கி இது நின்னா, நாளைக்குக் காலைல நீ அளவுகோல் கொட்டாய்ல இருப்பே. சத்தியமாச் சொல்றேன்."

சனோபர் ஹம்தமைப் பார்த்தாள். அவர் மணிக்கட்டுத் தழும்பை மற்றக் கையால் தடவிக்கொண்டிருந்தார். பியாலா முழுசாகப் பெயர்ந்து வந்தது. அடியில் பொத்தானின் சிவப்பே தெரியாமல் புழுதி படிந்திருந்தது. அவள் துடைக்கக்கூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் அமுக்கினாள்.

பம்ப் ஓடியது.

இன்னும் பலமாக அமுக்கினாள். பொத்தான் அரை விரல்கூட இறங்கவில்லை. புழுதியும் ஜிப்சமும் நீராவியும் சேர்ந்து அதைக் கல்லாக்கியிருந்தன. பம்ப் அதுபாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. ஹம்தம் வந்து அமுக்கினார். அப்புறம் நோர்பூத்தா தம் பெரிய உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு அமுக்கினார். ஓடியது.

மூவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இத்தனை வருடத்தில் அந்தத் தண்டு சுழலும் குழிக்குள் எத்தனை பேர் எண்ணெய் ஊற்ற இறங்கியிருப்பார்கள் என்று சனோபர் எண்ணிப் பார்த்தாள். போன கோடையில் நோர்பூத்தாவின் சொந்தத் தம்பியே இறங்கினான். அவருக்கும் அதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்தார். பிறகு சுவரிலிருந்த போனை எடுத்து பம்புகளுக்கு மின்சாரம் அனுப்பும் மின்முற்றத்துக்குப் பேசினார்.

"நாலாம் நம்பருக்கு மின்சாரத்தை அறுங்க. ஆமா, இப்பவே. காரணம் அப்புறம் சொல்றேன்."

நாலாம் நம்பரின் இரைச்சல் இறங்கி இறங்கி அடங்கியது. மற்ற மூன்று பம்புகளின் இரைச்சலையும் மீறி, வெளியே கரையில் இருந்தவர்களின் கூச்சல் முதல் தடவையாகக் கேட்டது. ஹம்தம் ஸ்க்ரூடிரைவர் தேடிப் போனார்.

உடனே போன் அடித்தது. தலைமைக் கட்டுப்பாட்டு அறை. நோர்பூத்தா போனை எடுத்துக் காதில் வைத்தார். அந்தப் பக்கத்துக் கத்தல் அறை முழுக்கக் கேட்டது. முதல் தண்ணி அன்னைக்கே பம்பை நிறுத்தினது எவன்? அவர் திரும்பிச் சனோபரைப் பார்த்தார்.

சனோபர் கையை நீட்டி போனை வாங்கிக்கொண்டாள்.

"நான்தான் நிறுத்தச் சொன்னேன். சனோபர்."

"எந்த சனோபர்?"

"பொத்தான்காரி சனோபர்," என்றாள் அவள். "எழுதிக்கோங்க. மத்த மூணு பம்பையும் இன்னைக்கே நிறுத்தப் போறேன்."